கூடை யார் கையில்

— கூடையை இப்படிக் குடு தெஷிரா.

— வேணாம் அக்கா, நானே தூக்கறேன். நம்ம ஊரு உல்சின்ல பஸ் ஏறினதுலேருந்து என் மடியிலதானே இருக்கு.

— அதைத்தான் நானும் பார்த்துட்டு வரேன். எல்லை செக்போஸ்ட்ல ஒண்ணரை மணி நேரம் வெயில்ல வண்டி நின்னுது. பெத்த புள்ளையைத் தூக்கி என் மடியில போட்டுட்டு, நீ கூடையைக் கட்டிப் பிடிச்சு உக்காந்திருந்தே.

— கொட்டிடுமோன்னு பயம்க்கா.

— என்ன கொட்டும்? உள்ள இருக்கறது புரெக். கீரையும் பாலாடைக்கட்டியும் வச்சுச் சுருட்டிச் சுட்டது, கல்லு மாதிரி உக்காந்திருக்கு. கொட்டற மோர் என் பையில. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா பதினாலு வருஷமா அந்த வீட்டுல இருக்கேன், யார் எந்தக் கூடையை எதுக்குக் கட்டிப் பிடிப்பாங்கன்னு எனக்குத் தெரியும்.

— ஐயோ, எதுக்காம்?

— கோட்டைக்கு மேல போனதும் மாமா முன்னாடி நீ கொண்டுபோய் வைக்கணும். அதுக்குத்தான். போன பெருநாளைக்கு பக்லவா யார் பண்ணினா?

— நீங்கதான்.

— நாப்பது அடுக்கு மாவு. ஒவ்வொண்ணையும் சிகரெட் தாள் மாதிரி தேச்சேன். தோள்பட்டை கழண்டுபோச்சு. தட்டை எடுத்துட்டுப் போய் அவர் முன்னாடி வச்சது யாரு?

— நான். நீங்க முகம் கழுவப் போயிருந்தீங்க.

— மாமா என்ன சொன்னாரு?

— "சின்னவ கைக்கு என்ன ருசி"ன்னாரு. நான்தான் உடனே சொன்னேனே, அக்கா பண்ணதுன்னு!

— எப்ப சொன்னே? மூணாவது துண்டு முடிஞ்சப்புறம் சொன்னே.

— அவரு வாய் நிறைய வச்சிருந்தாருக்கா, குறுக்க எப்படிப் பேசறது? ஒரு கூடைக்கா இவ்வளவு பேச்சு?

— கூடைக்கா? ஜெர்மனிக்குடி. தெரியாத மாதிரி முழிக்காதே. அங்க வேலை எடுத்து நடத்தற பெஸ்னிக் என்ன எழுதியிருக்கான்? டைல்ஸ் வேலைக்கு நம்ம வீட்டுலேருந்து ஒரே ஒரு ஆள்தான் வேணும். ஒரு ஆளு, அவன் பொண்டாட்டி, புள்ளைங்க. என் புருஷனுக்கும் வேலை தெரியும், உன் புருஷனுக்கும் தெரியும். அண்ணன் போனா தம்பி இருக்கணும், தம்பி போனா அண்ணன் இருக்கணும். மாமா குளியலறையில விழுந்து இடுப்புல தகடு வச்சதுக்கப்புறம் அவரைத் தனியா விட முடியுமா?

— அது தெரியும்க்கா.

— காலையில என் சாபித் ஷேவ் பண்ணிக்கிட்டே சொன்னாரு. "மெருஷா, யார் போறது, யார் இருக்கறதுன்னு இன்னைக்குக் கோட்டையில முடிவாகிடும்"னு. யார் முடிவு பண்ணுவா? மாமாதான். எப்பப் பண்ணுவாரு? சாப்பிட்டதும். நாப்பது வருஷம் துணி வித்த மனுஷன், வெறும் வயித்துல ஒரு வியாபாரத்தையும் முடிச்சதில்ல.

— அப்ப, யார் கையால சாப்பிடறாரோ அவங்களை ஜெர்மனிக்கு அனுப்பிடுவாருங்கறீங்க.

— நான் ஒண்ணும் சொல்லல. கூடையைக் குடு.

— அப்படின்னா நான் எதுக்குக்கா குடுக்கணும்? எனக்கு மட்டும் ஜெர்மனி கசக்குதா? என் தங்கச்சி அங்க பாத்திரம் கழுவறதுக்கே ஒரு மெஷின் வச்சிருக்கா. நான் இங்க வாளியோட மாடிப்படி கழுவறேன்.

— பார்த்தியா, உண்மை வெளிய வந்துடுச்சு!

— நீங்க பெரிய மருமக. வீட்டுச் சாவி உங்க இடுப்புல. கடலைப் பார்த்த ரூமு உங்களுக்கு. நீங்க எதுக்குக்கா அங்க போய்க் கஷ்டப்படணும்?

— நீ போயிடுவியே, அதுக்குத்தான். போயிட்டு வருஷா வருஷம் ஆகஸ்ட்ல ஜெர்மனி நம்பர் போட்ட வண்டியில வந்து இறங்குவே. கறுப்புக் கண்ணாடியை மண்டையில தூக்கி வச்சுக்கிட்டு, "அக்கா, இங்க இன்னும் கரண்ட் போகுதா?"ன்னு கேப்பே. நான் உனக்கு காபி வச்சுக் குடுத்துட்டு நிக்கணும். அதுக்குக் கீழ தெரியற இந்த ஏரியில குதிக்கலாம்.

— நான் அப்படியெல்லாம் கேப்பேனா?

— முதல் வருஷம் கேக்க மாட்டே.

— கல்லு வழுக்குது, பார்த்து வாங்க. ஆம்பளைங்களுக்கு என்ன, மாமாவையும் புள்ளைங்களையும் டாக்ஸில ஏத்திட்டு அவங்களும் தொத்திக்கிட்டாங்க. நாமதான் இந்த மலையை நடந்து ஏற வேண்டியிருக்கு.

— இரு. அங்க ஒருத்தர் இறங்கி வராரு பாரு. குட்டை டவுசர், சிவந்த மூஞ்சி, ஜெர்மன்காரர்தான். கூட்டன் டாக்!

— ஐயோ அக்கா, மானத்தை வாங்காதீங்க!

— எதுக்கு மானம் போகுது? போன்ல ஜெர்மன் முப்பத்திரண்டு பாடம் முடிச்சிருக்கேன். நீ மாமாகிட்ட செல்லம் கொஞ்சிக்கிட்டு இருந்தப்ப நான் படிச்சேன்.

— அவரு நம்ம பாஷையில "வெயில் ஜாஸ்தியா இருக்கு தங்கச்சி"ன்னு சொல்லிட்டுப் போறாரு. கொசோவோ ஆளுக்கா.

— ஜெர்மனியில இருக்கற கொசோவோ ஆளா இருக்கும். மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது.

— சரி, செக்போஸ்ட் தாண்டினப்புறம் சாபித் அண்ணன் உங்க காதுல ஏதோ சொன்னாரே, என்னக்கா?

— அதைக் கேக்காதே, வயிறு எரியுது. கீழ டாக்ஸி பிடிக்கறப்பவும் வந்து அதையேதான் சொன்னாரு. "மெருஷா, கூடையை நீ தூக்காதே, தெஷிராகிட்டயே இருக்கட்டும்." கட்டின புருஷன் பேசற பேச்சா இது? ஏன்னு கேட்டேன். "கை வலிக்கும்"ங்கறாரு. பதினாலு வருஷத்துல என் கை வலியைப் பத்தி அந்த மனுஷன் பேசினது இன்னைக்குத்தான்.

— வேற ஒண்ணும் சொல்லலையா?

— வாயைத் திறந்தாரு, மூடினாரு. திறந்தாரு, மூடினாரு. கரையில போட்ட மீன் மாதிரி. உனக்குப் பரிஞ்சு பேசறாருன்னு நேராச் சொல்ல வெக்கம். அந்த வீட்டுல எல்லாருக்கும் நீதான் செல்லம்.

— அண்ணனே சொல்லிட்டாருல்ல, அப்ப கூடை என்கிட்டயே இருக்கட்டும். விடுங்க.

— திரும்பிப் போறப்ப ஜன்னல் ஓரம் உனக்கு.

— ஜன்னல்ல வெயில் அடிக்குது.

— ஒரு மாசம் மாடிப்படியை நான் கழுவறேன்.

— ரெண்டு மாசம்.

— ஆகஸ்ட் முடியற வரைக்கும்.

— செப்டம்பர் முடியற வரைக்கும். அப்புறம் உங்க பச்சைக் கல்லுத் தோடு. என் தம்பி கல்யாணத்துக்கு.

— அது எங்கம்மா எனக்குப் போட்டது!

— அப்ப நானே தூக்கிட்டு வரேன். மாமா பசியோட இருப்பாரு.

— எடுத்துக்க! ஒரு நாளைக்கு.

— எங்க வீட்டுக் கல்யாணம் மூணு நாளுக்கா.

— மூணு நாளைக்கு எடுத்துக்க. பார் ஊருச் சந்தையில மிளகா விக்கற பொம்பளை பெத்த பொண்ணுடி நீ. சாமானை விக்க மாட்டேன்னு நெஞ்சோட அணைச்சுக்கிட்டே விலையை ஏத்தறே.

— ஒரு நிபந்தனைக்கா. பாதி வழியில மூச்சு வாங்குதுன்னு என்கிட்ட நீட்டக் கூடாது. மேல போய் நீங்களே மாமா கையில குடுக்கணும்.

— என் பொண்ணுங்க ரெண்டு பேர் மேலயும் சத்தியம். குடு இப்ப. அப்பாடா! நல்ல கனம்.

— கனமாத்தான் இருக்கும்.

— ஏன், இனிக்குதே எனக்கு. சரி, டிக்கெட்டைக் காட்டு. வா, இந்த வாசலுக்குள்ள நுழைஞ்சா எவ்வளவு ஜில்லுனு இருக்கு பாரு. சுவத்தைத் தொட்டு வேண்டிக்க.

— இந்த வெள்ளையா வடியுதே, அதுவா?

— பால். ரொஸாஃபாவோட பால்.

— சுண்ணாம்புத் தண்ணிக்கா.

— உனக்குச் சுண்ணாம்பு. என் மூத்தவளுக்குப் பால் சுரக்கலன்னு எங்கம்மா இங்க வந்துதான் பஞ்சுல தொட்டு எடுத்துட்டு வந்தாங்க. மூணாம் நாள் புள்ளை குடிக்க முடியாமத் திணறிச்சு. உனக்கென்ன, பையனைப் பெத்தே, பாலும் வந்துச்சு, பேரும் வந்துச்சு.

— அந்தக் கதையை நெசமாவே நம்பறீங்களா?

— நம்பாம? மூணு அண்ணன் தம்பி. பகல்ல கட்டற சுவரு பொழுது விடியறதுக்குள்ள விழுந்துடுது. "நாளைக்கு எவன் பொண்டாட்டி சோறு கொண்டு வராளோ, அவளை உள்ள வச்சுக் கட்டினாத்தான் நிக்கும்"னு ஒரு கிழவன் சொல்லிட்டுப் போறான். பொண்டாட்டிகிட்ட மூச்சு விட மாட்டோம்னு மூணு பேரும் வாக்குக் குடுத்துக்கறாங்க. மூத்தவங்க ரெண்டு பேரும் வீட்டுக்குப் போனதும் சொல்லிடறாங்க. விடிஞ்சதும் ஒருத்திக்குத் துணி துவைக்கணுமாம், இன்னொருத்திக்கு அம்மா வீட்டுக்குப் போகணுமாம். கடைசித் தம்பி மட்டும் வாயே திறக்கல. பாவம், அவன் பொண்டாட்டி கூடையைத் தூக்கிட்டு வந்தா. "ஒரு மாரை மட்டும் வெளிய விட்டுக் கட்டுங்க, என் புள்ளை பசியாறணும்"னு கேட்டாளாம். அவதான் ரொஸாஃபா.

— எனக்கு அந்தக் கடைசித் தம்பியைக் கண்டா ஆகாது.

— ஏண்டி! அவன் ஒருத்தன்தானே வாக்கைக் காப்பாத்தினவன்?

— வாக்கைக் காப்பாத்தி என்னக்கா, பொண்டாட்டியைப் பறிகுடுத்துட்டானே. மத்த ரெண்டு பேரும் பொண்டாட்டி மேல உசுரா இருந்தாங்க. அதான் சொல்லிட்டாங்க.

— நல்லாருக்கு நியாயம்! ஆம்பளைன்னா சொன்ன சொல்லு நிக்கணும். என் சாபித் அப்படித்தான். கையடிச்சுக் குடுத்துட்டா கழுத்தை அறுத்தாலும் மாற மாட்டாரு. உன் அகிம் காலையில மூணு வாக்குக் குடுத்தா சாயங்காலத்துக்குள்ள நாலை உடைச்சிருப்பான்.

— உடைக்கட்டுமே. என்கிட்ட எதையும் மறைக்க மாட்டாரு. உங்களுக்கு அதுல கொஞ்சம் பொறாமை.

— பொறாமையா? எனக்கா? போடி. எனக்குப் பொறாமைன்னா இந்த ரொஸாஃபா மேலதான். சுவத்துக்குள்ள போனா, கோட்டைக்கே அவ பேரு. தப்பிச்சுப் போன ஓரகத்திங்க ரெண்டு பேரோட பேரு உனக்குத் தெரியுமா? யாருக்காவது தெரியுமா?

— தெரியாது.

— நல்லா வேணும். ஆனா பாரு, இன்னைக்குச் சோத்துக் கூடையைத் தூக்கிட்டுப் போறது நான். என்னையும் எங்கயாவது ஓட்டையைப் பார்த்து வச்சுக் கட்டிடப் போறாங்க! என்னடி, சிரிக்கவே மாட்டேங்கறே?

— மூச்சு வாங்குதுக்கா. குடுங்க, ஒரு பக்கம் நானும் பிடிக்கறேன்.

— ஆஹா! மேல வந்து சேர்ந்தப்புறம் ஒரு பக்கம் பிடிக்க வரியா? மாமா பார்க்கறப்ப ரெண்டு பேரும் தூக்கிட்டு வந்த மாதிரி இருக்கணும். அதுதானே?

— இல்லக்கா, நெசமாவே சொல்றேன். என்கிட்ட குடுத்துடுங்க. தோடு வேணாம், படியும் வழக்கம்போல நானே கழுவறேன்.

— தொடாதே! விலை பேசி முடிச்சப்புறம் சாமானைத் திரும்பக் கேக்கறது எந்த ஊரு வியாபாரம்? தள்ளு. மாமா! மாமா, எங்க இருக்கீங்க?

— இங்க, இந்த மல்பெரி நிழல்ல. வாங்கம்மா. பயலுக புள்ளைங்களுக்கு நிலவறையைக் காட்டப் போயிருக்கானுக. நான் வாசல்ல ஒருத்தன்கிட்ட தொப்பி வாங்கினேன். அவன் சொன்ன விலையைக் கேட்டு அழுதேன், நான் சொன்ன விலையைக் கேட்டு அவன் அழுதான். அப்புறம் ரெண்டு பேரும் கண்ணைத் துடைச்சுக்கிட்டு முடிச்சோம். கேளு, என் கண்ணாடி அகிம்கிட்ட இருக்கு, சரியாத் தெரியல. கூடை யார் கையில?

— என் கையில மாமா. மெருஷா கையில.

— மெருஷாவா! நல்லாப் பார்த்துச் சொல்லு.

— என் கையை எனக்குத் தெரியாதா? அடிவாரத்துலேருந்து நான்தான் தூக்கிட்டு வந்தேன். மாவு தேச்சதும் நான். இந்தாங்க, பிடிங்க. முதல் துண்டு நடுவுலேருந்து எடுத்துக்கங்க, அங்கதான் கீரை ஜாஸ்தி.

— குடு. ம். ஆக, பேரம் படிஞ்சுடுச்சு.

— என்ன பேரம் மாமா?

— தெஷிரா, நீ சொல்றியா, நான் சொல்லட்டா?

— எனக்கென்ன மாமா தெரியும்?

— சரி, நானே சொல்றேன். கேளு மெருஷா. செக்போஸ்ட்ல வண்டி நின்னப்ப பயலுக ரெண்டு பேரும் இறங்கி சிகரெட் பிடிச்சானுக. சரியா என் ஜன்னலுக்குக் கீழ. நான் தூங்கறேன்னு நினைப்பு. குறட்டை விட்டா தூங்கறேன்னு அர்த்தமா? கடையில குறட்டை விட்டுக்கிட்டேதான் நான் எத்தனை துணித் திருடியைப் பிடிச்சிருக்கேன்.

— என்ன பேசினாங்க?

— அகிம் சொன்னான். "அப்பாகிட்ட கேட்டா அடுத்த வருஷம் வரைக்கும் இழுப்பாரு. ரொஸாஃபாவுக்குத்தானே போறோம், ரொஸாஃபா மாதிரியே முடிச்சுடுவோம். எவன் பொண்டாட்டி சோத்துக் கூடையை அப்பா கையில குடுக்கறாளோ, அவன் அப்பாவோட ஊர்ல இருக்கணும். மத்தவன் ஜெர்மனிக்கு." சாபித் ஒரு சிகரெட் முடிச்சு இன்னொண்ணு பத்த வச்சான். அப்புறம் சரின்னான். பொண்டாட்டிகிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு கையடிச்சு வாக்குக் குடுத்துக்கிட்டானுக.

— கூடையைக் குடுக்கறவ... இருக்கணுமா? போறதில்லையா?

— இருக்கணும்.

— தெஷிரா.

— அக்கா...

— அங்க எங்கயோ ஏரியைப் பார்க்காதே. என் மூஞ்சியைப் பாரு. உனக்குத் தெரியுமா?

— நீங்க புள்ளைக்குத் தண்ணி வாங்கப் போனப்ப அகிம் ஜன்னல்கிட்ட வந்து சொன்னாரு. சத்தியமா நான் கேக்கலக்கா, அவராத்தான் சொன்னாரு. ஆனா கடைசியில குடுங்கன்னு கேட்டேன்ல? கெஞ்சிக் கேட்டேன்ல? நீங்கதான் தொடாதேன்னீங்க.

— என் தோட்டை வேற எழுதி வாங்கிக்கிட்டே.

— தோடு வேணாம்க்கா.

— வச்சுக்க. தோட்டுல என்ன இருக்கு? வாக்குக் குடுத்து ஒரு சிகரெட் அணையலை, அதுக்குள்ள உனக்காக உடைச்சிருக்கான். உனக்காக! ஊரு, மானம், அண்ணன் ஒண்ணையும் பார்க்கல. பொண்டாட்டி ஜெயிக்கணும்னு ஓடி வந்திருக்கான். எனக்கு ஒருத்தர் இருக்காரே, கல்லு! எனக்காக ஒரே ஒரு வாக்கை உடைச்சா குறைஞ்சா போயிடுவாரு?

— உன்கிட்ட அவன் ஒண்ணுமே சொல்லலையா மெருஷா?

— கூடையைத் தூக்காதேன்னாரு.

— அப்புறம்?

— ரெண்டு தடவை சொன்னாரு.

— நீ என்ன பண்ணினே?

— இவளுக்குப் பரிஞ்சு பேசறாருன்னு நினைச்சேன்.

— பாவி மக. வாக்கு உடையாம எவ்வளவு தூரம் வளைக்கலாமோ அவ்வளவு தூரம் வளைச்சிருக்கான் என் பையன்.

— நீங்க சொல்லியிருக்கலாம்ல மாமா? உங்களை யாரும் கையடிக்கச் சொல்லலையே.

— என்னை வச்சுத்தானே பேரமே நடந்துச்சு? கடையில அலமாரியில இருக்கற துணி என்னைக்காவது வாயைத் திறந்து பார்த்திருக்கியா? சரி, என்னை யார் தள்ளிவிடறா, யார் இழுத்துப் பிடிக்கறான்னு தெரிஞ்சுக்க ஆசையா இருந்துச்சு. ஒருத்தி என்னை விட்டுட்டு ஜெர்மனி போகக் கூடையை வித்தா. இன்னொருத்தி என்னை விட்டுட்டு ஜெர்மனி போகக் கூடையை வாங்கினா.

— மாமா, அப்படிச் சொல்லாதீங்க...

— கோவம் இல்லம்மா. புரெக் நல்லாருக்கு. அதோ, பயலுக சத்தம் கேக்குது, படியேறி வரானுக. அதுக்குள்ள என் விலையையும் சொல்லிடறேன். பேசினது பேசினதுதான். அகிமும் தெஷிராவும் ஜெர்மனிக்குப் போகட்டும். நானும் அவங்ககூடப் போறேன்.

— என்னது!

— என்ன தெஷிரா, இப்படி அலறறே? மோர் குடி.

— மாமா, அங்க உங்களுக்குப் பேப்பர் கிடையாதே, விசா அது இதுன்னு...

— செக்போஸ்ட்ல முத்திரை குத்தின பையன்கிட்ட கேட்டுட்டேன். நம்ம பாஸ்போர்ட்டுக்கு மூணு மாசம் விசா இல்லாமலே இருக்கலாமாம். அப்புறம் மூணு மாசம் வெளிய இருந்துட்டு மறுபடி போகலாமாம். ஆக, மூணு மாசம் அங்க, மூணு மாசம் இங்க. சரி பாதி. யாரும் குறை சொல்ல முடியாது.

— அங்க லிஃப்ட் கிடையாதாம் மாமா. நாலு மாடி. குளிரு வேற.

— அகிம் தூக்கட்டும். சின்ன வயசுல அவனை நான் எத்தனை மாடி தூக்கியிருக்கேன். நீ ஏன் மெருஷா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே? கணக்குப் பார்த்தா உனக்குத்தான் லாபம். வருஷத்துல பாதி நாள் இடுப்புக்குத் தைலம் தடவ வேணாம். காபியில சர்க்கரை ஜாஸ்தின்னு கத்தறதுக்கு ஆள் கிடையாது. என் ரூமை டூரிஸ்டுக்கு விடலாம். வீடு முழுக்க உனக்கு. கொஞ்சம் சிரிக்கலாம்ல?

— நான் ஒண்ணும் சொல்லல மாமா.

— சொல்லு, சொல்லு. மனசுல வச்சுக்காதே.

— முதல் மூணு மாசம் எதுக்கு அவகிட்ட?